அப்பா அம்மாவோடு ஆர்.வி.யில் பேலோ டூரோ: போகலாமா, எப்படிப் போவது?

கேள்வி இதுதான்: டாலஸில் இருக்கும் ஒரு குடும்பம். ஏப்ரலில் தென்காசியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. ஆர்.வி. (உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, குழந்தைகள் இருவரையும் சேர்த்துக்கொண்டு, வட டெக்சாஸில் ஒரு பெரிய பள்ளத்தாக்குக்குள் இருக்கும் பேலோ டூரோ கேன்யன் ஸ்டேட் பார்க்கில் மூன்று இரவு தங்க வேண்டும். இதுவரை கூடாரத்தில்கூடத் தங்கியதில்லை. என்ன வண்டி எடுப்பது, எதில் கவனமாக இருப்பது?

தாராளமாகப் போகலாம். வயதானவர்களுக்குக் கூடாரத்தைவிட ஆர்.வி. எவ்வளவோ மேல். படுக்கை உண்டு, கழிப்பறை உண்டு, நினைத்த நேரத்தில் காபி போடலாம். ஆனால் நீங்கள் வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அது, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது போல. முதலில் பார்க்கில் இடம் கிடைக்கட்டும். அந்த இடத்தின் நீளத்துக்கு ஏற்ற வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளில் இரவு தங்குவதற்கு 5 மாதம் முன்பிருந்தே பதிவு செய்யலாம். ஏப்ரல் நடுவில் போவதென்றால் நவம்பர் நடுவிலேயே உட்கார்ந்துவிடுங்கள். வெள்ளி, சனி இரவுகள்தான் முதலில் போகும். ஞாயிறு முதல் புதன் வரை தங்க முடியுமானால் பாதிக் கவலை தீர்ந்தது. பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் ஹேக்பெரி, சேஜ்பிரஷ், மெஸ்கீட், ஜூனிப்பர் என்ற பெயர்களில் ஆர்.வி. தங்கும் வளாகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை அடி வண்டி நிற்கும், கரண்ட் 30 ஆம்பா 50 ஆம்பா, பின்னால் எடுத்து நிறுத்த வேண்டுமா இல்லை நேராக நுழைந்து நேராக வெளியேறலாமா என்று பதிவுப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். முதல் தடவை என்பதால் நேராக நுழையும் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். ஓர் இடத்தில் 8 பேர் வரை தங்கலாம், நீங்கள் ஆறு பேர்தான். நுழைவுக் கட்டணம் தனி. 70 டாலருக்கு ஓராண்டு பாஸ் எடுத்தால் டெக்சாஸின் எல்லா ஸ்டேட் பார்க்குகளிலும் அதே வண்டியில் வருகிற எல்லோருக்கும் நுழைவு இலவசம். நான் கீழே சொல்லப்போகிற பயணத்தில் மூன்று பார்க் வருகிறது, அதனால் பாஸ் லாபம்தான்.

இப்போது வண்டி. கிளாஸ் சி என்கிற வகை, 25 அடி. லாரி மாதிரியான முன்பக்கம், ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு பரண் படுக்கை இருக்கும். குழந்தைகள் அந்தப் பரணைப் பார்த்ததும் இறங்கவே மாட்டார்கள். டெக்சாஸில் கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸே இதற்குப் போதும். பஸ் மாதிரி இருக்கிற கிளாஸ் ஏ உங்களுக்கு வேண்டாம். வேன் மாதிரியான கிளாஸ் பி ஆறு பேருக்குப் பத்தாது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரை இந்த ஊருக்கு முதல் அனுபவமாக எடுக்கவே எடுக்காதீர்கள். ஏன் என்பது பள்ளத்தாக்குக்குள் போகிற சாலையின் இறக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

வாடகைக்கு எடுக்கும்போது யாரும் கேட்காத ஒரு கேள்வியை நீங்கள் கேளுங்கள்: பின்னால் இருக்கும் பெரிய படுக்கைக்கு இரண்டு பக்கமும் நடக்க வழி இருக்கிறதா? சின்ன வண்டிகளில் படுக்கையை ஒரு மூலையில் தள்ளியிருப்பார்கள். உள்பக்கம் படுத்தவர் ராத்திரி எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். எழுபது வயதில் ராத்திரி இரண்டு தடவையாவது எழ வேண்டியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். வாசல் படியும் உயரம்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்காக ஓர் அகலமான முக்காலியை எடுத்துப் போங்கள். எங்கள் வீட்டில் மாமியார் அந்த முக்காலி இல்லாமல் இறங்க மறுத்துவிட்டார், அவர் செய்தது சரிதான்.

டாலஸிலிருந்து பார்க் சுமார் 370 மைல். 287-ம் நெடுஞ்சாலையில் விசிட்டா ஃபால்ஸ், சில்ட்ரெஸ் வழியாகப் போக வேண்டும். காரில் ஐந்தரை மணி நேரம் என்று மேப் காட்டும், அதை நம்ப வேண்டாம். 60, 65 மைல் வேகத்துக்கு மேல் இந்த வண்டியை விரட்டக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தினால் எட்டு மணி நேரம் ஆகிவிடும். வசந்த காலத்தில் அந்தப் பக்கம் காற்று வேறு பேயாக அடிக்கும். பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் வண்டியின் உயரமான சுவர் பாய்மரம் மாதிரி வேலை செய்யும். எதிரே லாரி ஒன்று கடந்து போனால் ஸ்டியரிங் தானாகத் திரும்புவது போல இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் பயமில்லை. பெட்ரோல் கணக்கும் சொல்லிவிடுகிறேன்: காலனுக்கு 8 முதல் 10 மைல். போக மட்டும் 40 காலன் அளவுக்குக் குடிக்கும்.

அதனால் முதல் நாளே பேலோ டூரோவைத் தொட வேண்டாம். பாதி வழியில் குவானா ஊருக்குத் தெற்கே காப்பர் பிரேக்ஸ் என்று ஒரு ஸ்டேட் பார்க் இருக்கிறது. இரவு வானத்துக்கே பெயர்பெற்ற இடம், சுற்று வட்டாரத்தில் பெரிய ஊர் வெளிச்சம் கிடையாது. அங்கே ஒரு ராத்திரி தங்குங்கள். வண்டியின் சுவிட்ச் எது, குழாய் எது என்று பழகிக்கொள்ளவும் அது உதவும். அப்பாவுக்கு நாற்காலி ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு விளக்கையெல்லாம் அணையுங்கள். சின்ன வயதில் மொட்டை மாடியில் பார்த்த வானத்தைப் பற்றி அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

வண்டியின் உயரம் 11, 12 அடி இருக்கும். சரியான அளவைக் கேட்டு ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். காபி வாங்க, கூரை தாழ்ந்த டிரைவ்-த்ரூவுக்குள் பழக்கதோஷத்தில் நுழைந்துவிடக் கூடாது. பெட்ரோல் பங்கில் வளைக்கும்போது முன்பக்கம் தப்பிவிடும், பின்பக்கம்தான் தூணைத் தேடிப் போய் இடிக்கும். பின்சக்கரத்துக்கு அப்பால் ஏழெட்டு அடி வால் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

இப்போது அந்த இறக்கம். பேன்ஹேண்டில் என்கிற வட டெக்சாஸ் சமவெளி தோசைக்கல் மாதிரித் தட்டை. ‘எங்கே பள்ளத்தாக்கு?’ என்று கேட்டுக்கொண்டே போவீர்கள், பார்க் வாசல் வரை ஒன்றுமே தெரியாது. திடீரென்று பூமி பிளந்துகொண்டு கீழே போகும். மொத்தப் பள்ளத்தாக்கு 120 மைல் நீளம், சில இடங்களில் 800 அடி ஆழம். சாலை 10 சதவீதச் சரிவில் இறங்குகிறது, நடுவில் வளைவுகளும் உண்டு. ஏற்காடு, கொடைக்கானல் கொண்டை ஊசிகளில் ஓட்டியவர்களுக்குச் சாலை அகலம் சொகுசாகத் தெரியும், ஆனால் அந்த மலைகளில் நீங்கள் ஓட்டியது இது போன்ற ஐந்தரை டன் வண்டி இல்லை. இறங்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள், இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வழி முழுக்க மிதித்துக்கொண்டே போனால் சூடேறி, பிடிப்பு குறைந்து, ரப்பர் கருகுகிற வாடை வரும். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், தேவைப்பட்டால் மறுபடி ஒரு தடவை. இறங்கும் முன்பு மேலே விசிட்டர் சென்டரில் நிறுத்தி ஒரு காபி குடிப்பது நல்லது. அந்தக் கல் கட்டடமே பார்க்க வேண்டியதுதான். 1930-களின் பொருளாதார மந்தத்தில், ரூஸ்வெல்ட் ஆட்சியில், வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டிய சி.சி.சி. என்ற படை கட்டியது. இந்த இறக்கச் சாலையும் அவர்கள் போட்டதுதான். பார்க் திறந்தது 1934 ஜூலை 4.

இன்னொன்று, உள்ளே அலமாரிக் கதவுகளை எல்லாம் கொக்கி மாட்டிப் பூட்டுங்கள். முதல் பயணத்தில் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டாவது வளைவில் முறுக்கு டப்பா பறந்து வந்து மாமனார் தோளில் விழுந்தது. டப்பா நசுங்கியது, மாமனாருக்கு ஒன்றுமில்லை. அந்த முறுக்குத் தூள் மட்டும் திரும்பிப் போகும் வரை இண்டு இடுக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

இடத்தில் நிறுத்தியதும் முதல் வேலை வண்டியைச் சமமாக்குவது. சக்கரத்துக்கு அடியில் வைக்க பிளாஸ்டிக் கட்டைகள் கொடுப்பார்கள். அடுப்பு மேடையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் சாய்வு என்று தெரிந்துவிடும். புரொப்பேன் கேஸில் ஓடுகிற ஃபிரிட்ஜாக இருந்தால் சாய்வில் சரியாகக் குளிராது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அடுத்தது கரண்ட். கம்பத்தில் உள்ள பிரேக்கரை அணைத்துவிட்டு, பிளக்கைச் சொருகி, பிறகு போடுங்கள். பிறகு தண்ணீர்க் குழாய். அதில் அழுத்தத்தைக் குறைக்கும் பித்தளை ரெகுலேட்டர் ஒன்றை மாட்டாமல் திறக்க வேண்டாம், வண்டிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் தாங்காது. உங்கள் இடத்தில் கரண்டும் தண்ணீரும் உண்டு. கழிவுநீர்க் குழாய் கிடையாது. மூன்று நாள் சேருவதைத் தொட்டியில் சுமந்து, போகும்போது டம்ப் ஸ்டேஷனில் கொட்ட வேண்டும். ஆர்.வி. வாழ்க்கை முழுக்க இந்தக் கணக்கைச் சுற்றித்தான் ஓடுகிறது.

கரண்ட் கணக்கு சுலபம். 30 ஆம்ப், 120 வோல்ட் என்றால் 3,600 வாட். ஏ.சி. ஓடினால் 1,500 போய்விடும். அம்மா கெட்டிலில் வெந்நீர் வைத்தால் இன்னொரு 1,500. அந்த நேரம் பார்த்து யாராவது மைக்ரோவேவில் சாம்பாரைச் சூடு பண்ணினால் படக்கென்று எல்லாம் அணையும். ஒன்று முடிந்து ஒன்று என்று செய்தால் போதும். அம்மா ஊரிலிருந்து ஆசையாகத் தூக்கி வந்த 230 வோல்ட் மிக்சியை மட்டும் இந்த வண்டியில் சொருகாதீர்கள். சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சமையலில் நம் ஆட்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் தாளிப்பு. ஏழடி அகலப் பெட்டிக்குள் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் போட்ட அடுத்த நொடி புகை அலாரம் அலற ஆரம்பிக்கும். குழந்தை அழும், அப்பா பதறி எழுவார், பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பார். ஒரு சின்னக் கேம்ப் அடுப்பை எடுத்துப் போய்த் தாளிப்பு, பொரியல் எல்லாவற்றையும் வெளியே மேசையில் வைத்துச் செய்யுங்கள். காற்றுக்கு அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு வேண்டும். விறகு மூட்டுவதைப் பெரிதாக நம்பாதீர்கள், அந்தப் பக்கம் வறட்சியும் காற்றும் சேர்ந்தால் உடனே நெருப்புக்குத் தடை போட்டுவிடுவார்கள். 2024 பிப்ரவரியில் இதே பேன்ஹேண்டிலின் வடபகுதியில் மூண்ட தீயில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது, அதனால் அவர்கள் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் பார்க்கில் சுள்ளி பொறுக்கக் கூடாது, விறகை வாங்கத்தான் வேண்டும். திறந்த வெளியில் மது, டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளில் அனுமதி இல்லை. ராத்திரி 10 மணிக்குமேல் சத்தம் கூடாது.

தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். குளிக்கும், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஒரு தொட்டிக்குப் போகும், அது கிரே டேங்க். கழிப்பறைக்குத் தனித் தொட்டி, பிளாக் டேங்க். கிரே டேங்க் பெரும்பாலும் 30, 40 காலன்தான் பிடிக்கும். வண்டிக்குள் ஷவரில் நிமிடத்துக்கு 2 காலன் வைத்து, ஆறு பேர் பத்துப் பத்து நிமிடம் குளித்தால் 120 காலன். முதல் நாள் காலையிலேயே ஷவர்த் தரையில் அழுக்குத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்துவிடும். பார்க்கிலேயே வெந்நீர் வருகிற பொதுக் குளியலறைகள் இருக்கின்றன, எல்லோரும் அங்கேதான் குளிக்க வேண்டும் என்று முதலிலேயே சட்டம் போட்டுவிடுங்கள். தட்டில் ஒட்டிய குழம்பையும் எண்ணெயையும் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். பருப்புத் தண்ணீர் இரண்டு நாள் அந்தத் தொட்டியில் ஊறினால் வருகிற வாடை இருக்கிறதே, கழிப்பறைத் தொட்டியே தேவலாம்.

பிளாக் டேங்கைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசிவிடுவோம். அப்பா அம்மா தண்ணீர்தான் பயன்படுத்துவார்கள், அது இந்தத் தொட்டிக்கு நல்லது. காகிதமும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால்தான் அடியில் கோபுரம் மாதிரிக் கெட்டியாகி நிற்கும். ஒவ்வொரு தடவையும் தாராளமாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். தொட்டி முக்கால் நிறைந்ததா என்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். காகிதம் தேவை என்றால் சீக்கிரம் கரைகிற ஆர்.வி. காகிதம் மட்டும். ஈரத் துடைப்பான் எதையும் உள்ளே போடவே கூடாது.

கொட்டுவதில் வரிசை முக்கியம்: முதலில் பிளாக், பிறகு கிரே. பின்னால் வருகிற சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை போட்டு, குழாயின் ஒரு முனையை வண்டியில் முறுக்கி மாட்டி, மறு முனையைத் தரைத் துளையில் செருகுங்கள். அதன்மேல் ஒரு கல்லையோ காலையோ வைத்துக்கொண்டுதான் வால்வை இழுக்க வேண்டும். நான் முதல் தடவை மாட்டிய முனை ‘டக்’ என்று பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்க்கவில்லை. வால்வைத் திறந்ததும் குழாய் பாம்பு மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. அன்றைக்குப் போட்டிருந்த ஷூவை அங்கேயே குப்பைத் தொட்டியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வண்டி ஏறினேன். பின்னால் வரிசையில் நின்ற தாத்தா ஒருவர் ஒன்றுமே சொல்லாமல் தன் தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து தரையைக் கழுவிக் கொடுத்தார்.

சரி, அங்கே பார்ப்பதற்கு என்ன? அடுக்கடுக்கான பாறைதான். அடியில் செம்மண் பாறை, ஊடே வெள்ளை ஜிப்சக் கோடுகள், மேலே மஞ்சளும் ஊதாவும். சாயங்கால வெயிலில் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, ‘கோயில் மதில்ல காவியும் சுண்ணாம்பும் அடிச்ச மாதிரியே இருக்கே’ என்றார். அதற்குப் பிறகு எனக்கும் வேறு மாதிரித் தெரிந்ததே இல்லை. அடியில் இருக்கும் சிவப்பு அடுக்குக்கு வயது சுமார் 25 கோடி ஆண்டு. இதையெல்லாம் செதுக்கியது, நீங்கள் சாலையில் கடக்கும்போது ஓடையா என்று கேட்கிற அளவுக்கு மெலிந்த, ரெட் ரிவர் என்ற ஆற்றின் ஒரு கிளை. அந்த ஓடையை நம்பாதீர்கள். மேலே எங்கோ மழை பெய்தால் சாலையின் தாழ்வான குறுக்கீடுகளில் மளமளவென்று தண்ணீர் ஏறும். தண்ணீர் ஓடும்போது கடக்காமல் காத்திருங்கள்.

லைட்ஹவுஸ் என்று 300 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பாறைத் தூண்தான் இந்தப் பார்க்கின் அடையாளம். போய்வர கிட்டத்தட்ட 6 மைல், கடைசிப் பகுதி செங்குத்து ஏற்றம், வழியில் நிழலே கிடையாது. அப்பா அம்மாவுக்கு வேண்டாம். நீங்கள் இருவரும் மாற்றி மாற்றி விடியற்காலையில் போய்வாருங்கள், ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும். பெரியவர்களுக்கு ஆற்றோரமாகச் சமதரையில் போகும் பாசேயோ டெல் ரியோ பாதை போதும், சுமார் ஒரு மைல். சாலையிலிருந்து கொஞ்ச தூரம் ஏறினால் பெரிய குகை ஒன்றும் உண்டு, குழந்தைகள் விடமாட்டார்கள். காலையில் காட்டு வான்கோழிகள் மேசைப் பக்கமே வரும், மான் வரும். கல்லிடுக்கில் கை விடாதீர்கள், சாரைப்பாம்பு இல்லை, வால் குலுக்கும் ராட்டில்ஸ்னேக்.

அப்பாவுக்குச் சரித்திரத்தில் ஆர்வம் இருந்தால் 1874 செப்டம்பர் 28-ஐச் சொல்லுங்கள். குளிர்காலத்துக்காக இங்கே கூடாரம் போட்டிருந்த கோமாஞ்சி, கயோவா, செயன் என்ற பூர்வகுடி மக்கள்மேல் அமெரிக்க ராணுவக் கர்னல் மெக்கன்சியின் குதிரைப்படை விடியலில் பாய்ந்தது. ஆட்கள் பெரும்பாலோர் தப்பிவிட்டார்கள். படை சுமார் 1,400 குதிரைகளைப் பிடித்து, ஆயிரத்துக்கு மேல் சுட்டுக் கொன்றது. குதிரையும் குளிர்காலச் சேமிப்பும் இல்லாமல் அவர்கள் சரணடைவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இரண்டே ஆண்டில் சார்லஸ் குட்நைட் இதே பள்ளத்தாக்குக்கு மாடுகளை ஓட்டி வந்து பண்ணை போட்டார்.

ஏப்ரல் என்றாலும் ராத்திரி குளிரும், உறைபனிகூட வரலாம். பள்ளத்தாக்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேல். ஹீட்டர் புரொப்பேனில் ஓடும், ஆனாலும் தென்காசிக்காரர்களுக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் எடுத்துவையுங்கள். கீழே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. பெரிய மருத்துவமனை என்றால் சுமார் 25 மைல் தள்ளி அமரில்லோவில்தான். மருந்துகளை இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், பயண இன்சூரன்ஸ் காகிதத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.

திரும்பும்போது நேரம் இருந்தால் தென்கிழக்கே கேப்ராக் கேன்யன்ஸ் ஸ்டேட் பார்க் வழியாக வாருங்கள். டெக்சாஸின் அரசு பைசன் (அமெரிக்கக் காட்டெருது) மந்தை அங்கேதான் சுதந்திரமாகத் திரிகிறது. எல்லோரும் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், குட்நைட்டின் மனைவி மேரி ஆன் சொல்லி, பிடித்து வளர்த்த சில கன்றுகளின் வாரிசுகள் அவை. சாலை நடுவில் படுத்துக்கொள்ளும். ஹார்ன் அடிக்காமல் இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள், எழுந்து போக அவற்றுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். நாங்கள் அப்படி நின்ற ஒரு தடவையில்தான், மாமனார் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே ஒரு முழு ஃபிளாஸ்க் காபியையும் தனியாகக் குடித்து முடித்தார்.